கண்ணாடிமேல் வைத்த சந்தனம்

ஓடுகிறேன். தலையில் சோலார் பலகை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருக்கிறேன். மழை கண்ணாடியில் விழுகிறது. தடதடவென்று மண்டைக்குள் கேட்கிறது. பின்னால் எக்ஸ்கவேட்டர். முதல் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கவ்வி இழுக்கிறது. கிறீச்ச். பிறகு படார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அடுத்து யார் வீடு என்று தெரியாது.

"தனம்! தூணு சாயுது! இந்தப் பக்கம் வராத! ஓடு, ஓடு!"

கத்துவது செல்வம். பக்கத்து வீட்டுக்காரர். லாரி ஓட்டுபவர். அவரும் அவர் மனைவியும் என் கணவர் மணியத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். மணியத்தின் தலை ஆடுகிறது. வாய் திறந்திருக்கிறது. இத்தனை இரைச்சலிலும் அவர் மூச்சு எனக்குக் கேட்கிறது. விசில் மாதிரி ஒரு சத்தம். அது வந்துவிட்டால் உடனே ஆவி மிஷினில் மருந்து கொடுக்க வேண்டும். தள்ளிப்போட முடியாது. மிஷின் வீட்டுக்குள் இருக்கிறது. பேட்டரியும் வீட்டுக்குள் இருக்கிறது. கூரையைத்தான் முதலில் கவ்வுவார்கள் என்று பலகையை முதலில் கழற்றினேன். பலகையை எங்காவது இறக்கிவிட்டு நான் திரும்ப ஓட வேண்டும்.

வியாழக்கிழமை. காலை. கார்த்திகை மழை. ரெங்கம் டவுனிலிருந்து உள்ளே போகும் ஒரு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், அதில் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். இப்போது அந்த இடத்துக்குப் புதுப் பெயர் வைத்து வீடு விற்கிறார்கள். அந்தப் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன்.

இதைப் போர் என்று யாரும் எழுதவில்லை. பத்திரிகையில் நாலு வரி வந்தது. 'லயம் காலி செய்யப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். என்னமோ நாங்கள் சினிமா முடிந்து எழுந்து போன மாதிரி. ஒரு பக்கம் இயந்திரம், வேலி, கறுப்புச் சட்டை ஆட்கள், கல். இன்னொரு பக்கம் ஆறு குடும்பம். இது போர் இல்லையென்றால் எது போர் என்று நீங்களே சொல்லுங்கள். நான் பிழைத்தேன். அதனால் சொல்கிறேன். மன்னிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில், தைப்பூசம் முடிந்த செவ்வாய்க்கிழமை கரண்டு போனது. மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. வெளியே வந்தேன். மின்கம்பத்தில் ஏணி. ஏணியில் ஒரு ஆள். கீழே குணா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குணாவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூர்க்காரன் இல்லை. இதே லயத்தில் மூன்றாம் வீட்டில் பிறந்தவன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதெல்லாம் என் வீட்டில்தான் சாப்பிட்டான். மணியத்தை அண்ணன் என்பான். என்னை அண்ணி என்பான். வளர்ந்து ஜேபி பட்டணம் போனான். திரும்பி வரும்போது கறுப்புச் சட்டை, வாக்கி டாக்கி, கூட ஆட்கள். கம்பெனிக்குக் காவல் வேலை எடுத்துச் செய்கிறான். எங்களைக் கிளப்புவதும் அந்த வேலையில் சேர்த்தி.

"அண்ணி, நான் என்னா பண்ண? மேலிடத்து உத்தரவு லா," என்றான்.

"மேலிடமா ஏணியப் பிடிக்குது? நீதானடா பிடிக்கிற," என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்கள். லயத்தில் பாதிக்கு மேல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு வீடு மிச்சம். ஆறு பேரும் சேர்ந்து வழக்குப் போட்டோம். வக்கீல் ஒரே ஒரு விஷயம் சொன்னார். தீர்ப்பு வரும்வரை யாரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஆள் இல்லாத வீட்டுக்கு எந்த நீதிபதியும் கூரை போட்டுத் தரமாட்டார்.

கம்பெனிக்கும் இது தெரியும். அதனால்தான் கரண்டை வெட்டினார்கள். மணியத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை மிஷின் வேண்டும் என்பது குணாவுக்குத் தெரியும். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த மிஷின் ஓடுவதைப் பார்த்தவன் அவன்.

மணியம் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் பம்பு, வாயில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. புல்லும் செத்தது, அவர் நுரையீரலும் செத்தது. என் தங்கை பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறாள். அங்கே போய்விடலாம் என்று நான் கெஞ்சினேன்.

"மூச்சக் குடுத்தது இந்த மண்ணுக்கு. வீட்டையும் குடுத்துட்டுப் போகச் சொல்றியா? கேஸு முடியட்டும் தனம். அப்புறம் நீ எங்க சொன்னாலும் வர்றேன்," என்றார்.

முதல் சில வாரம் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ரெங்கத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு சீனர் காப்பிக் கடையில் பிளக் கொடுத்தார். மேசையில் மிஷினை வைத்து மருந்து இழுப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் மீ நூடுல்ஸைச் சாப்பிடாமல் பார்ப்பார்கள். என் வாழ்நாளில் நான் அப்படிக் கூசியதில்லை. அந்தக் கூச்சத்தில்தான் எனக்கு வெறி பிடித்தது. கரண்டை நானே செய்வேன் என்று முடிவு பண்ணினேன்.

குளுவாங்கில் ஒரு சோலார் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை செய்தவள் நான். செல்லோடு செல்லைக் கம்பியால் சேர்க்கும் இடத்தில். உடைந்த செல்லை அங்கே பெட்டி பெட்டியாகக் கழிப்பார்கள். அந்த மாதிரிக் கழிவு ரெங்கத்துப் பழைய சாமான் கடைக்கு வருகிறது என்று செல்வம் கேள்விப்பட்டிருந்தார். அவர் லாரியில் மூன்று பெட்டி வந்து இறங்கியது. திறந்தோம். கருநீலத் துண்டுகள். மூலை போனவை. நடுவில் விரிசல் விட்டவை. பாதியாக முறிந்தவை. அப்பளத்தைவிட மெல்லிசு.

செல்வம் எட்டிப் பார்த்தார். "அலமாக், ஐயையோ. இந்த ஒடைசல வெச்சா கரண்டு எடுக்கப் போற?"

"ஒடைஞ்சாலும் வேல செய்யும். என்னயப் பாக்கல?" என்றார் மணியம். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஒரு துண்டு அரை வோல்ட் தரும். சின்னதோ பெரிதோ, அரை வோல்ட்தான். முப்பத்தாறு துண்டை வரிசையாகச் சேர்த்தால் ஒரு பலகை. ஆனால் வரிசையில் எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று சிறுத்தால் மொத்த வரிசையும் அதன் அளவுக்குத்தான் கரண்டு தரும். அதனால் நல்ல பெரிய துண்டையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினோம். கோடு போட்டு மெல்ல முறிக்க வேண்டும். டிக் என்றால் சரியாக முறிந்தது. கிர்க் என்றால் குப்பை. முதல் நாள் வீடு முழுக்க கிர்க்தான்.

துண்டுகளை ஈயத்தால் பற்றவைக்கக் கரண்டு வேண்டும். கரண்டுதான் இல்லையே. கேஸ் அடுப்பில் செப்புக் கம்பியைக் காய்ச்சி ஈயம் வைத்தோம். ஒரு கம்பி ஆறும்போது இன்னொன்று காயும். கண்ணாடியைக் காலி வீடுகளின் ஜன்னலிலிருந்து கழற்றினோம். பின்பக்கம் பிளைவுட். ஓரமெல்லாம் சிலிகான்.

எதிர்வீட்டு அஞ்சலை அக்காதான் எனக்கு வலது கை. கணவர் இல்லை. மகன் லாபிஸில் இருக்கிறான். லயத்துக் கோடியில் இருக்கும் காளியம்மன் கோயிலுக்கு விளக்கு வைப்பது அவர் பொறுப்பு. பூக்கட்டிப் பழகிய விரல். ஈயம் வைத்தால் ஒரு சொட்டு வழியாது. "இதென்னடி, மல்லி கட்டுறதுக்கு இது தேவலாமே" என்பார். அவர் பேச்சுக்காகவே மற்ற வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

சித்திரை பிறப்பதற்குள் முதல் பலகை கூரை ஏறியது. ஒரு பழைய லாரி பேட்டரி, கரண்டை மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டி. மிஷினைச் சொருகினேன். ர்ர்ர்ர். அந்தச் சத்தத்துக்கு நான் எத்தனை சாமி கும்பிட்டேன் தெரியுமா? மணியத்தின் முகத்தில் முகமூடி. வெள்ளை ஆவி. கண்ணை மூடி இழுத்தார். விசில் குறைந்தது. நான் அழுதேன். எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். கம்பெனியை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மொத்தம் பதினொரு பலகை செய்தோம். எல்லாருக்கும் பொதுவாக இரண்டு பேட்டரி, இரண்டும் என் வீட்டில். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விளக்கு, ஒரு ஃபேன். அஞ்சலை அக்கா கூரையில் நான்கு. கோயில் விளக்கும் அதிலிருந்துதான். எல்லாருக்கும் ஒன்றே ஒன்று சொன்னேன். கண்ணாடிமேல் ஒரு இலை கிடக்கக் கூடாது. நிழல் விழுந்த செல் வேலை செய்யாது. மற்ற செல்களின் கரண்டு அதில் போய் முட்டும். அந்த இடம் கொதிக்கும். தொழிற்சாலைப் பலகையில் அதற்கு ஒரு தடுப்பு வைப்பார்கள். எங்கள் உடைசலில் அது ஏது? காலையில் எழுந்ததும் எல்லாரும் விளக்குமாறோடு கூரையைத்தான் பார்த்தோம்.

ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் குணாவின் ஆட்கள் நிற்கிறார்கள். கையில் உண்டிவில்.

"கல்லு! கல்லு வருது! தலயக் குனி! உள்ள போ!"

கல் தகரத்தில் பட்டால் டங். அதற்கு நாங்கள் பயப்படவில்லை. கண்ணாடியில் பட்டால் சத்தம் சின்னது. சிலுக். அவ்வளவுதான். இரண்டு தடவை அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு பலகை போச்சு. செல்வத்தின் மனைவிக்குப் புருவத்தில் தையல். போலீசில் புகார் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டதோடு சரி.

பிறகு ஆயுத பூஜை வந்தது. இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

தோட்டத்தில் ஆயுத பூஜைக்கு எதையும் விடமாட்டோம். வருஷமெல்லாம் சோறு போட்ட சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் எப்படி? அரிவாள், மருந்துப் பம்பு, மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், லாரி ஸ்டியரிங், எல்லாவற்றுக்கும் பொட்டு. அந்த வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது எது? கூரைமேல் இருந்த பலகைதான்.

அன்று மணியத்துக்கு குளுவாங் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். நான் லயத்தில் இல்லை. அஞ்சலை அக்கா தலை குளித்து, சந்தனம் அரைத்து, ஏணி வைத்து ஏறியிருக்கிறார். சும்மா விரல் நுனியால் தொட்டு வைக்கிற ஆளா அவர்? மரியாதை என்றால் கை நிறைய. நான்கு பலகைக்கும் நடுவில் உள்ளங்கை அகலச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இறங்கி, வடை சுண்டலோடு எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். உச்சி வெயில். சந்தனத்துக்கு அடியில் செல் கொதிக்கிறது. அதற்கு அடியில் பிளைவுட்.

"எலையத்தானே எடுக்கச் சொன்ன. இது சாமி பொட்டுடி," என்று பிறகு அவர் என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. இலையை எடு என்று சொன்னால் எங்கள் ஆட்கள் இலையை எடுப்பார்கள். சந்தனமும் நிழல் என்று யாருக்குத் தோன்றும்?

மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிறோம். வேலிப் பக்கம் குணா கார் பானட்மேல் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஃபோன். தூக்கிப் பிடித்திருக்கிறான். பூஜையைப் படம் எடுக்கிறான் போல என்று நினைத்தேன். பழைய பாசம் எங்கே போகும் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் ஃபோன் பார்க்கிற பக்கம் நானும் பார்த்தேன். அஞ்சலை அக்கா கூரையில் புகை. மெல்லிசாக, நூல் மாதிரி. கோயிலில் மணி அடிக்கிறார்கள். அவர்கள் முதுகு இந்தப் பக்கம். யாருக்கும் தெரியவில்லை. வேலியிலிருந்து கோயில் ஒரு சத்தம் போட்டால் எட்டும் தூரம். அவன் அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்ட தூரம்தான் அது. அவன் கூப்பிடவில்லை.

நான்தான் கத்தினேன். "நெருப்பு! அஞ்சலக்கா வீடு! நெருப்பு! ஓடியாங்க!"

வாளியோடு ஓடி வந்தார்கள். அதற்குள் பிளைவுட் பற்றி, கூரைச் சட்டம் பற்றி, தகரம் நெளிந்து சுருண்டது. பட், பட் என்று கண்ணாடி வெடித்தது. வீடு முழுசாகப் போனது. பக்கத்து வீடுகளைக் காப்பாற்றினோம். அந்த வீடியோ பிறகு எல்லார் ஃபோனிலும் சுற்றியது. நானும் பார்த்தேன். ஆரம்பத்தில் வெறும் கூரை, ஒரு நூல் புகை. பிறகு கறுப்புப் புகை. பிறகு தீ. கடைசியில்தான் என் குரல் வருகிறது. அதற்குமுன் ஒரு சட்டி வடை சுட்டு எடுத்துவிடலாம். அவ்வளவு நேரம் ஃபோன் ஆடாமல் இருக்கிறது.

அஞ்சலை அக்கா சாம்பலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையால வெச்ச பொட்டு தனம்," என்றார்.

"பொட்டு வெச்சவங்க மேல தப்பு இல்லக்கா. பாத்துக்கிட்டு நின்னவன் மேலதான் தப்பு," என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்ததும் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இந்த லயம் நெருப்பு அபாயம் உள்ள இடமாம். ஆட்கள் இருக்கக் கூடாதாம். எங்கள் உயிர்மேல் திடீரென்று அத்தனை அக்கறை. வக்கீல் அலைந்தார். திங்கட்கிழமை வழக்கு வருகிறது, அதுவரை எப்படியாவது பிடித்து நில்லுங்கள் என்றார். அவர்கள் அதற்கு முந்தின வியாழக்கிழமை வந்தார்கள்.

பலகையை ஒரு செம்பனை அடியில் இறக்கிவிட்டுத் திரும்ப ஓடுகிறேன். சேறு காலைப் பிடிக்கிறது. என் வீட்டு வாசலில் குணா. தோளில் என் பேட்டரி. இன்னொரு பேட்டரி அவன் ஆள் கையில். கரண்டை மாற்றும் பெட்டியும் அதோடு. வெட்டின வயர் தொங்குகிறது. உள்ளே அலமாரியில் மிஷின் மட்டும் இருக்கிறது.

"குணா, அண்ணனுக்கு மூச்சு வாங்குது. அத வெச்சிட்டுப் போ. ஒரு தடவ மருந்து குடுத்திடுறேன்."

"இது நெருப்புப் பிடிக்கிற சாமான் அண்ணி. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி உத்தரவு."

"பத்து நிமிஷம்டா. உன் கால்ல விழுறேன். பத்தே நிமிஷம்."

யோசித்தான். அவன் முகம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவன் யோசித்தான். என்னைப் பார்த்தான். தன் ஆட்களைப் பார்த்தான். பிறகு பேட்டரியைக் கம்பெனி லாரியில் போட்டான். டொம். யோசிக்காமல் போட்டிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன்.

மிஷினை மடியிலும் மருந்துக் குப்பியைக் கையிலும் வைத்துக்கொண்டு செல்வத்தின் லாரியில் ஏறினேன். மணியம் என்மேல் சாய்ந்திருக்கிறார். கேட் பூட்டியிருக்கிறது. சங்கிலி.

"கேட்டத் தொற! ஆளு சாகுது! தொறங்கடா!"

செல்வம் ஹாரனை அழுத்திப் பிடித்தார். சாவி வைத்திருந்தவன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். அவன் வந்தான். நடந்து வந்தான். ஓடி வரவில்லை.

குளுவாங் சாலையில் விசில் நின்றது. கொஞ்சம் தேறிவிட்டார் என்று நினைத்தேன். "பரவால்லையா?" என்று கேட்டேன். சந்தோஷமாகக் கேட்டேன். நின்றது விசில் இல்லை, மூச்சு. அந்த ஒரு நொடிச் சந்தோஷத்துக்காகவே குணாவை நான் விடமாட்டேன்.

மறுநாள் மணியத்தின் வேட்டி சட்டை ஏதாவது கிடைக்குமா என்று லயத்துக்குப் போனேன். லயம் இல்லை, கோயிலும் இல்லை. சமமாக்கியிருந்தார்கள். நான் செம்பனை அடியில் இறக்கியதும் சேர்த்து, ஐந்து பலகையும் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரத்தில் அரைபட்டுக் கிடந்தன. குணா குடையோடு நின்றான். மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று குனிந்தேன். ஈர மண். கையில் ஒட்டிக்கொண்டது, பறக்கவில்லை. நேராக அவனிடம் போய் அவன் சட்டையில் அப்பினேன். நெஞ்சில், இரண்டு கையாலும். "நீ குடி போற வீட்டுல வெளக்கு நிக்காதுடா," என்றேன். அவன் ஆட்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவன் துடைக்காமல் நின்றான்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனோம். வீடு இல்லை. ஆள் இல்லை. வழக்கு நிற்கவில்லை.

இப்போது பெர்மாஸ் ஜெயாவில் தங்கை வீட்டில் இருக்கிறேன். ஒரு சலவைக் கடையில் வேலை. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டினார்கள். திறந்தேன். குணா. பக்கத்தில் அவன் மனைவி, கையில் பழத்தட்டு.

அந்த மண்ணில் கட்டின வீடுகளில் ஒன்றை அவனும் வாங்கியிருக்கிறான். பால் காய்ச்சின அன்று குத்துவிளக்கு அணைந்ததாம். திரும்ப ஏற்றினார்களாம், திரும்ப அணைந்ததாம். நான் சொன்ன வார்த்தையை யாரோ அவன் மனைவியிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. விளக்கை அணைத்தது காற்றுதான். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லப் போவதும் இல்லை.

"மன்னிச்சிருங்க அண்ணி. உங்க கையால ஒரு விபூதி வெச்சு விட்டிருங்க. அது போதும்," என்றான்.

"உக்காரு," என்றேன். "என்னென்ன போச்சுன்னு சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லிட்டா வெச்சு விடுறேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆறு வீடு," என்றான். "கோயிலு. அப்புறம் அந்த சோலாரு. ஏழெட்டு இருக்கும்."

"இருக்குமா?"

"சரியாத் தெரியல அண்ணி."

"மேல சொல்லு."

"அண்ணன்."

"அண்ணனுக்குப் பேரு இல்லையா?"

"மணியம் அண்ணன்."

"முழுப் பேரு. வயசு."

என் வீட்டில் தின்று வளர்ந்தவன். தெரியவில்லை. இப்போது அவன் மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது. பழத்தட்டை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"எழுதிக் குடுங்க அண்ணி. படிச்சுட்டு வந்து சொல்றேன்," என்றான். அழுதான். நிஜமாகவே அழுதான்.

"மாட்டேன். நீயே வீடு வீடாப் போய் விசாரி. முழுசாத் தெரிஞ்ச அன்னிக்கி வா."

கதவைச் சாத்தினேன். சாமி மேடையில் விபூதி இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்து நான் பூசிக்கொண்டேன். உங்களுக்குக் கணக்கைச் சொல்கிறேன். அவனுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீடு ஆறு. நெருப்பில் ஒன்று, இயந்திரத்தில் ஐந்து. காளியம்மன் கோயில், அதன் மணியோடு. பலகை பதினொன்று. கல்லில் இரண்டு, நெருப்பில் நான்கு, சங்கிலிக்கு அடியில் ஐந்து. பேட்டரி இரண்டு. வழக்கு ஒன்று.

செல்வம் வீட்டு நாய் கறுப்பி. தூண் விழுந்து செத்தது. வயிற்றில் குட்டி இருந்தது, எத்தனை என்று தெரியாது.

அஞ்சலை அக்கா. லாபிஸில் மகன் வீட்டில் இருக்கிறார். எதற்கும் பொட்டு வைப்பதில்லை, தன் நெற்றிக்கும் இல்லை. பேச்சும் நின்றுவிட்டது. உயிரோடுதான் இருக்கிறார். இருந்தாலும் அவரையும் நான் இதில்தான் சேர்த்திருக்கிறேன்.

சுப்பிரமணியம் த/பெ பெருமாள். என் கணவர். வயது ஐம்பத்தேழு. மருந்து என் கையில் இருந்தது.